சவாசனத்துக்குமா டார்கெட்?

யோகா பண்றேன்னு சொல்ற ஐ.டி. மக்கள்கிட்ட பேச்சு குடுத்துப் பாருங்க. ஒருத்தர் 108 சூரிய நமஸ்காரம் போட்டேம்பார். இன்னொருத்தர், ஆப்-ல தொடர்ந்து அறுபது நாள் டிக் விழுந்திருக்கும்பார். ஒரு நாள் விட்டுப் போச்சோ, போச்சு! ஏதோ புரொடக்‌ஷன் சர்வரையே சாய்ச்சுட்ட மாதிரி தன்னைத்தானே திட்டிக்குவாங்க. அப்ரைசல் ஆபீசோட முடியறதில்ல, யோகா பாய் வரைக்கும் வருது :-)

என்னைக் கேட்டா, இது உடற்பயிற்சி. யோகா இல்ல. பதஞ்சலியோட யோக சூத்திரத்துல எட்டு அங்கம். ஆசனம் மூணாவதாத்தான் வருது. கிட்டத்தட்ட இருநூறு சூத்திரத்துல ஆசனத்துக்கு ஒதுக்கினது மூணே மூணு. அதுலயும் தலைகீழா நிக்கச் சொல்லல. உட்கார்ந்தா ஆடாம, அதே சமயம் சுகமா இருக்கணும்ங்கறார். சுகமா! (முழங்கால் வலியைப் பல்லைக் கடிச்சுப் பொறுத்துக்கறவங்க கவனிக்கவும்.)

முதல் அங்கம் இயமம். அதுல முதல்ல நிக்கறது அகிம்சை. மத்த இயம நியமங்களுக்கெல்லாம் அதுதான் வேர்னு வியாசர் உரை சொல்லுது. எந்த உயிருக்கும் தீங்கு நினைக்கக் கூடாதுன்னா, அந்த உயிர்க் கணக்குல நாமளும் இருக்கோம்ல? டீம்ல புதுப் பையன் பில்டை உடைச்சா "விடுப்பா, பாத்துக்கலாம்"ங்கறோம். அதே நாம உடைச்சா, "உனக்கெல்லாம் எவன்டா டிகிரி குடுத்தான்"னு உள்ளுக்குள்ள ஒரு குரல், ராத்திரி பூரா.

'இப்படித் தடவிக் குடுத்தா சோம்பேறி ஆயிட மாட்டோமா? தவம்னு ஒண்ணு இருக்கே'ன்னு கேப்பீங்க. இருக்கு, நியமத்துல. ஆனா வேர் அகிம்சைன்னா, தவமும் அதுக்குள்ளதானே அடங்கணும்? சென்னையில 1976ல கிருஷ்ணமாச்சாரியார் பேர்ல யோக மந்திரம் ஆரம்பிச்ச தேசிகாச்சாரும், ஆளுக்கேத்த மாதிரிதான் பயிற்சியை மாத்தணும்னு சொல்லிக் குடுத்தவர்.

நான் வெச்சிருக்கறதெல்லாம் சின்னச் சின்ன பழக்கம். மத்தியானச் சாப்பாடு கீபோர்டு முன்னாடி கிடையாது. மெயில் திறக்கறதுக்கு முன்னாடி மூணு மூச்சு, இழுக்கறதைவிட விடறது நீளமா. லேப்டாப்பை மூடினதும் பத்து நிமிஷம் சவாசனம், தூங்கிட்டா தூங்கிட்டுப் போறேன். விட்டுப்போன நாளை எண்றதில்ல, எண்ற ஆப்பையும் தூக்கியாச்சு. வஜ்ராசனத்துல உட்காரும்போது தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவுல ஒரு தலகாணி. அம்மா பாத்துட்டு சிரிக்கறாங்க. சிரிக்கட்டும்.