கற்களைப் பார்த்தோம், கைம்பெண்ணைப் பார்த்தோமா?



ஓகஸ்ட் மாதம் பிறந்ததும் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளுக்குள் வாடகை வான்கள் நுழையத் தொடங்கிவிடுகின்றன. கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வருவோர் ஒருபுறம். பிள்ளைகளின் பாடசாலை விடுமுறையை முன்னிட்டுக் கொழும்பிலிருந்து வருவோர் மறுபுறம். ஓகஸ்ட் 15இல் மடு அன்னையின் திருநாளில் பங்குபற்றிவிட்டு, அப்படியே ஊரையும் பார்த்துச் செல்வோரும் உளர். தங்கும் நாள்கள் நான்கு அல்லது ஐந்து. பார்க்க வேண்டிய இடங்களோ இருபதுக்கு மேல். கோட்டை, பொது நூலகம், நல்லூர், கீரிமலை, கசூரினாக் கடற்கரை, நயினாதீவு, நேரம் வாய்த்தால் நெடுந்தீவு. இந்தப் பட்டியலின் அடியில் எங்கோ ஓரிடத்தில் ‘பெரியம்மா வீடு, அரை மணித்தியாலம்’ என்றும் எழுதப்பட்டிருக்கும்.

இதனை எழுதுபவனின் குடும்பத்துப் பட்டியலும் சென்ற ஆண்டு அவ்வாறே இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த தமையனின் குடும்பமும் கொழும்பிலிருந்து சென்ற எமது குடும்பமும் ஒரே வானில் ஏறி, நகரின் கரையோரப் பங்கொன்றில் தனித்து வாழும் பெரியம்மாவின் படலையடியில் பிற்பகல் நான்கு மணிக்கு இறங்கினோம். குளிரூட்டி நின்றுவிடக் கூடாது என்பதற்காகச் சாரதி வானை நிறுத்தாமலே வைத்திருந்தார். அவ்வோசை நாம் விறாந்தையில் இருந்த நேரம் முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்தது. பெரியம்மா அன்று விடியற்காலையில் எழுந்து பனங்காய்ப் பணியாரம் சுட்டிருந்தார். பிள்ளைகள் ஆளுக்கொன்றைக் கையில் எடுத்தனர். சுருவத்தின் முன்னால் எல்லோரும் நின்று படம் எடுத்தோம். கோட்டை மதிலில் ஏறிச் சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டும் என்று நேரத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்தோம். ஓர் உறையைப் பெரியம்மாவின் கையில் வைத்தோம். அவர் அதனைத் திறந்து பாராமலே சேலைத் தலைப்புக்குள் ஒதுக்கிக்கொண்டு, “அடுத்த முறை வானை அனுப்பிப்போட்டு வாங்கோ பிள்ளையள்” என்றார்.

அவர் குறை கூறவில்லை. குறை கூறியிருந்தால் மறந்திருப்போம்.

மாற்கு நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தின் முடிவையும் 13ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தையும் இடையே நிறுத்தாமல் சேர்த்து வாசித்துப் பாருங்கள். ஆலயத்தின் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்திருக்கும் இயேசு, இரண்டு செப்புக் காசுகளைப் போடும் ஏழைக் கைம்பெண்ணைப் பார்க்கிறார். சீடர்களை அழைத்து அவளைக் காட்டுகிறார். அதன் பின்னர் ஆலயத்தைவிட்டு வெளியேறும்போது சீடருள் ஒருவர், எத்துணைப் பெரிய கற்கள், எத்தகைய கட்டடங்கள் என்று வியந்து அவருக்குக் காட்டுகிறார். கலிலேயாவின் சிற்றூர்களிலிருந்து வரலாற்றுப் புகழ் பெற்ற எருசலேமுக்கு வந்தவர்கள் அவர்கள். ஆண்டவர் காட்டியது ஒரு மனுஷியை. சீடர் காட்டியது கற்களை. அக்கற்கள் ஒன்றின் மேல் ஒன்று நில்லாது போகும் என்றார் இயேசு. கி.பி. 70இல் உரோமைப் படைகள் அந்த ஆலயத்தை இடித்தன. கைம்பெண்ணோ இன்றுவரை ஒவ்வோர் ஆலயத்திலும் வாசிக்கப்படுகிறாள்.

இதனால் கோட்டைக்குப் போகலாகாது என்று கூறவரவில்லை. இயேசுவும் தம் பன்னிரண்டாவது வயதில் குடும்பத்தோடும் உறவினரோடும் எருசலேமுக்குச் சென்றார் என லூக்கா எழுதுகிறார். திரும்பும் வழியில் அவர் உடன் வருகிறாரா என்று பெற்றோர் ஒருநாள் முழுவதும் பார்க்கவில்லை. உறவினர் கூட்டத்தில் இருப்பார் என்று நம்பினார்கள். பிள்ளையை ஒருநாள் முழுவதும் உறவினர் கூட்டத்தில் விட்டுவிடக் கூடிய நெருக்கம் திருக்குடும்பத்துக்கு இருந்தது. நம் பிள்ளைகளை அப்படி விட்டுவிடக் கூடிய உறவுகள் எத்தனை எஞ்சியுள்ளன? பல வீடுகளில் பிள்ளைகள் ‘மாமி’ என்று யாரை அழைக்கிறார்கள் என்பதே அவர்களுக்குத் தெரியாது. படங்களில் பார்த்த முகமாக மாத்திரமே அறிவார்கள்.

யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரையில் இவ்விடயத்துக்கு வேறொரு கனமும் உண்டு. நாம் மாலையில் ஏறி நின்ற கோட்டையையே எடுத்துக்கொள்வோம். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் அதனைக் கட்டத் தொடங்கினர். 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டு அதைப் பிடித்துப் பின்னர் ஐங்கோண வடிவில் பெருப்பித்துக் கட்டினர். அதற்குள் 1706இல் அவர்கள் எழுப்பிய தேவாலயம் அண்மைய போரில் அழிந்து இன்று கற்குவியலாகக் கிடக்கிறது. இத்தகவல்கள் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் உண்டு. ஆனால் அதே 1658இல் கத்தோலிக்க விசுவாசத்துக்கு நேர்ந்ததைக் கற்கள் சொல்லமாட்டா. குருக்கள் நாடு கடத்தப்பட்டனர். ஆலயங்கள் ஒல்லாந்தரின் சபைக்கு உரியவையாயின. கத்தோலிக்கக் குருவுக்கு வீட்டில் இடம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இம்மக்களின் செபம் வீடுகளுக்குள்ளேயே ஒளிந்து வாழ்ந்தது.

1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் கூலியாளின் வேடத்தில், யோவான் என்ற உதவியாளருடன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது அவரை வரவேற்க ஓர் ஆலயமும் இருக்கவில்லை. வயிற்றோட்ட நோயினால் சாகும் தறுவாயில் கிடந்த அவருக்குக் கஞ்சி கொடுத்துக் காப்பாற்றியவள் பெயர் அறியாத ஒரு பெண் என்று அவரது வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். உடல் தேறியதும் செபமாலையைக் கழுத்தில் அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். அந்தச் செபமாலையைக் கண்டு எந்த வீட்டாரின் முகம் மாறுகிறதோ அந்த வீடு கத்தோலிக்க வீடு! பின்னர் சில்லாலைக் கிராமம் அவருக்கு ஒளிவிடமும் பணித்தளமுமாயிற்று. 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியபோது நாம் கைதட்டினோம். அந்தப் புனிதரை உயிரோடு காத்தது ஒரு சிரட்டைக் கஞ்சியும் திறந்த ஒரு படலையும் அல்லவா?

ஆகவே இந்நகரின் கத்தோலிக்க வரலாறு என்பது பெரும்பாலும் வீடுகளின் வரலாறு. அதைப் பார்க்க விரும்புவோர் வீடுகளுக்குள் போகவேண்டும்; போனால் அமர வேண்டும். கொழும்பிலிருந்து வந்த எமது வான் நாவற்குழிப் பாலத்தை ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிட்டது. பிள்ளைகள் கைத்தொலைபேசியிலிருந்து தலை நிமிரவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்து மழைக்குள் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, அதே பாலத்தைக் கடக்கப் பெரியம்மாவுக்கு எத்தனை மணித்தியாலம் சென்றது? பையில் எதை எடுத்தார், எதை விட்டார்? கணவரின் கல்லறை இருந்த சேமக்காலையைத் திரும்பிப் பார்த்தாரா? சுருவத்தின் முன் நின்று படம் எடுத்த எங்களில் ஒருவராவது, அந்தச் சுருவம் அந்த இரவில் எங்கே இருந்தது என்று கேட்கவில்லை. அரை மணித்தியாலத்தில் கேட்கக் கூடிய கேள்வியுமல்ல அது. இத்தகைய பெரியவர்கள் எண்பதைக் கடந்துவிட்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் சேமக்காலைக்குப் போகும் கதைகளை எந்த நூலகத்தில் தேடி எடுப்பது? 1981இல் எரிந்த நூலகத்தை மீண்டும் கட்டிவிட்டோம். அதற்குள் சென்று படமும் எடுக்கிறோம். உள்ளே எரிந்துபோன ஏடுகள் மாத்திரம் திரும்பி வரவில்லை.

சிலர் கூறுவர்: “விடுதியில் தங்குவது அவர்களுக்குச் சிரமம் கொடுக்காதிருக்கத்தானே?” இதில் உண்மை இல்லாமலில்லை. முதியவர் ஒருவர் எட்டுப் பேருக்குச் சமைக்க முடியாது. குளியலறை வசதியும் போதாது. விடுதியில் உறங்குவதில் தவறேதும் இல்லை. ஆனால் பகலில் எங்கே இருக்கிறோம் என்பதே கேள்வி. மரியன்னை மலைநாட்டிலிருந்த எலிசபெத்தின் வீட்டுக்குச் சென்றபோது ஏறத்தாழ மூன்று மாதம் தங்கினார் என்கிறது நற்செய்தி. வயது முதிர்ந்து கருவுற்றிருந்த ஓர் உறவுப் பெண்ணின் வீட்டில் அந்த மூன்று மாதமும் விருந்துண்டிருப்பாரா? தண்ணீர் அள்ளியிருப்பார், அடுப்பு மூட்டியிருப்பார். சிரமம் கொடுக்கக் கூடாது என்று எண்ணுவோர், போய்ச் சிரமத்தில் பங்கெடுக்கலாமே! சந்தையில் மீன் வாங்கிக் கொடுத்துவிட்டு அடுப்படியில் உடன் நின்றால் கதை தானே வரும்.

மற்றொரு தடையாகக் காட்டப்படுவது மொழி. பிள்ளைகளுக்குத் தமிழ் வராது. பெரியவருக்குப் பிறமொழி வராது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு ஓய்ந்துவிடுகிறார்கள். இதற்கு எமது மரபிலேயே ஒரு வழி இருக்கிறது. மாலை ஏழு மணிக்கு விறாந்தையில் பாயை விரித்துக் குடும்பச் செபமாலை சொல்லுங்கள். பெரியவர் தமிழில் தொடங்க, பிள்ளை பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ முடிக்கட்டும். ஐம்பத்து மூன்று தடவை ஒருவர் மற்றவருக்காகக் காத்திருந்து பதில் சொல்லும் அந்த உரையாடலுக்கு அகராதி வேண்டியதில்லை.

இனி, பேசக் கூச்சமான ஒன்று. பல குடும்பங்களின் குறுகிய விடுமுறை மூன்றாம் நாளில் கசந்துபோவதற்குக் காரணம் காணி. பலகாரத் தட்டு எடுக்கப்படுமுன்னரே உறுதி எங்கே, எந்த நொத்தாரிசு, யார் பேரில், என்ன விலை என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. போர்க்காலம் முழுவதும் அந்த வளவுக்கு வேலியடைத்துக் கிணற்றை இறைத்துக் காத்தவர், திடீரெனக் குடியிருப்பாளர் போல நிற்க வேண்டியிருக்கிறது. சொத்தைப் பிரித்துக் கொடுக்கும்படி சகோதரர் ஒருவர் கேட்டபோது, தம்மை நடுவராக நியமித்தது யார் என்று ஆண்டவரே விலகிக்கொண்டார். காணி விடயம் பேசித்தான் ஆகவேண்டும். அதற்கு வேறொரு பயணம் வையுங்கள். ஐந்து நாளில் அதையும் செருகாதீர்கள்.

இங்குள்ளோரும் சற்றுச் சிந்திக்க வேண்டும். வருபவர் என்ன கொண்டுவருவார் என்று பெட்டியைப் பார்ப்பதும், கடன்பட்டுப் பந்திவைத்துவிட்டுப் பின்னர் வட்டி கட்டுவதும் உண்டு. மார்த்தாவைப் போல அடுப்படியிலேயே நின்று, வந்தவரோடு ஒரு வார்த்தை பேசாமல் அனுப்பிவிடுவோர் பலர். ஒருநேரம் புட்டும் சொதியும் போதும்.

இவ்வாண்டு விடுமுறைக்கு எமது குடும்பத்தில் முன்கூட்டியே சில ஒழுங்குகள் செய்திருக்கிறோம். இடங்களில் பாதியை வெட்டிவிட்டோம். நெடுந்தீவு போயிற்று, பிள்ளைகளுக்கு அதில் மனத்தாங்கல்தான். இரண்டு நாள் வான் கிடையாது. ஞாயிறு காலைத் திருப்பலிக்குப் பெரியம்மாவின் பங்கு ஆலயத்துக்கே, அவரது நடைக்கு ஏற்ப நடந்து போவதாகவும், அங்கிருந்து சேமக்காலைக்குச் செல்வதாகவும் பேசியிருக்கிறோம். அன்று மாலை கோட்டை. சென்ற வாரம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, தானும் வரலாமோ என்று பெரியம்மா கேட்டார். எண்பத்து நான்கு வயது. பிறந்தது முதல் அந்த நகரில் வாழ்ந்தவர். கோட்டைக்குள் ஒருநாளும் போனதில்லையாம். சிறுமியாக இருந்தபோது வெளியே புல்வெளியில் நின்று பார்த்தாராம். பின்னர் படையினர் இருந்த காலத்தில் அந்தப் பக்கம் பார்ப்பதற்கும் பயமாம். மதிலில் ஏற முடியாவிட்டாலும் பரவாயில்லை, வாசலுக்குள் போய் நிற்க வேண்டும் என்றார். ஒரு கதிரையைக் கொண்டுபோக எண்ணியிருக்கிறோம்.