ஒரே நாளில் வாங்கிய இரண்டு பைக்: ஒன்று மேடு ஏறுது, ஒன்று திணறுது... ஏன்?

பட்டறைப் பக்கம் – கேள்வி பதில்

கேள்வி: ''எட்டு வருடங்களுக்கு முன்பு நானும் என் தம்பியும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாடல் 100 சி.சி. பைக் வாங்கினோம். இருவரும் பால் கேன், தக்காளிப் பெட்டி என்று ஒரே மாதிரி பாரம்தான் ஏற்றுகிறோம். சேலம் போய்விட்டுத் திரும்பும்போது தொப்பூர் மேட்டில் தம்பி வண்டி மூன்றாவது கியரிலேயே ஏறிவிடுகிறது. என் வண்டியை இரண்டாவது கியருக்கு இறக்க வேண்டியிருக்கிறது. லிட்டருக்கு 60 கி.மீ. கொடுத்தது, இப்போது 50-தான் கொடுக்கிறது. 'கம்பெனியிலேயே உங்க இன்ஜினுக்கு கம்ப்ரஷன் கம்மியா அமைஞ்சிருக்கு. போர் போட்டு, ஹெட்டையும் கொஞ்சம் சீவிட்டா சரியாயிடும்' என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?''

– வாசகர், பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.

பதில்: அளந்து பார்க்காமல் செய்ய வேண்டாம். மெக்கானிக் சொல்வதில் ஒரு பாதி உண்மை. ஒரே மாடலில் வரும் இரண்டு இன்ஜின்களின் கம்ப்ரஷன் ஒரே அளவில் இருக்காது. ஆனால், ஒரு கியர் இறங்கும் அளவுக்கும், லிட்டருக்கு 10 கி.மீ. குறையும் அளவுக்கும் அந்த வித்தியாசம் பெரிதல்ல. காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும்.

10 கி.மீ. என்பது சின்ன இழப்பும் அல்ல. தினம் 40 கி.மீ. ஓடும் வண்டிக்கு 60 கி.மீ. மைலேஜ் கிடைத்தால் மாதம் 20 லிட்டர் போதும். அது 50 ஆகக் குறைந்தால் 24 லிட்டர் வேண்டும். மாதம் 4 லிட்டர் பெட்ரோல் வீணாகிறது. அதோடு தேவையில்லாத போர் வேலைக்கும் சில ஆயிரங்கள் போனால் நஷ்டம் இரட்டிப்பாகிவிடும்.

அளவு ஏன் மாறுகிறது?

தருமபுரி மாவட்டத்துக்கு இந்தச் சங்கதி புதிதல்ல. 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்த ஓசூர், அன்று தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தபோதுதான் ஓசூர் அந்தப் பக்கம் போனது. ஆயிரக்கணக்கில் வண்டி செய்யும் தொழிற்சாலையில் எந்த பிஸ்டனையும் எந்த சிலிண்டரிலும் ஒவ்வொன்றாக அரம் போட்டுத் தேய்த்துப் பொருத்திக்கொண்டிருக்க முடியாது. அதனால் ஒவ்வொரு பாகத்துக்கும் 'இதற்கு மேல் போகக் கூடாது, இதற்குக் கீழ் போகக் கூடாது' என்று இரண்டு எல்லை வைக்கிறார்கள். அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட வித்தியாசத்தைத்தான் 'டாலரன்ஸ்' என்கிறார்கள். அதற்குள் இருந்தால் பாகம் பாஸ்.

உலகம் இதை நம்ப ஒரு சோதனை தேவைப்பட்டது. 1908-ல் இங்கிலாந்தில் மூன்று காடிலாக் கார்களை முழுதாகப் பிரித்து, பாகங்களை ஒன்றோடொன்று கலந்து, மறுபடியும் மூன்று கார்களாகப் பூட்டி 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். மூன்றும் ஓடின. இன்று கடையில் உதிரி பாகம் வாங்கி வந்து அப்படியே மாட்ட முடிகிறது என்றால், அந்த எல்லைக் கணக்குதான் காரணம்.

எல்லைக்குள் இருக்கும் பாகங்களிலும் சில மேல் எல்லைப் பக்கமும் சில கீழ் எல்லைப் பக்கமும் இருக்கும். ஒரே ஆலையில் வந்த இரண்டு வண்டிகள் அச்சு அசலாக இருக்காதது இதனால்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

50 மி.மீ. போர், 49.5 மி.மீ. ஸ்ட்ரோக் கொண்ட 97.2 சி.சி. இன்ஜினை எடுத்துக்கொள்ளலாம். நம் ஊரில் அதிகம் ஓடும் ஸ்பிளெண்டரின் அளவு இது. கம்ப்ரஷன் விகிதம் 9-க்கு 1 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் அதன் மேல் மிஞ்சும் இடம் சுமார் 12 சி.சி. இரண்டரை டீஸ்பூன் அளவுதான்.

ஹெட்டின் குழிவு, கேஸ்கெட்டின் கனம், சிலிண்டரின் உயரம், கனெக்டிங் ராடின் நீளம் எல்லாம் சேர்ந்துதான் அந்த 12 சி.சி.யைத் தீர்மானிக்கின்றன. எல்லாமே பாதகமான பக்கம் சாய்ந்து, மொத்தம் 0.3 மி.மீ. உயரம் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது விகிதம் சுமார் 8.6 ஆகும். எல்லாமே சாதகமான பக்கம் சாய்ந்தால் சுமார் 9.4. இந்த இரண்டு இன்ஜின்களுக்கும் இடையே இழுவையில் ஏட்டுக் கணக்குப்படி வரும் வித்தியாசம் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்குதான். பின்னால் இருக்கும் பால் கேனில் சில லிட்டர் கூடினாலோ குறைந்தாலோ தெரிகிற வித்தியாசத்தைவிட இது அதிகமில்லை.

ஆக, தம்பி வண்டி 'அதிர்ஷ்டமான இன்ஜின்' என்பதால் மட்டும் ஒரு கியர் மேலே ஏறாது.

ஒரு முடி கனம் எங்கே இருக்கிறது?

தலைமுடியின் கனம் சுமார் 0.07 மி.மீ. அந்த ஒரு முடி கனம் இன்ஜினில் எந்த இடத்தில் மாறுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஹெட்டின் உயரத்தில் ஒரு முடி கனம் கூடினால், விகிதம் 9-லிருந்து 8.9 ஆகும். ஓட்டுபவருக்கே தெரியாது.

பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு முடி கனம் கூடினால் கதை வேறு. இந்த வகைச் சிறு இன்ஜின்களில் புதிதாக இருக்கும்போது அங்கே உள்ள இடைவெளி பொதுவாக 0.01 முதல் 0.04 மி.மீ. வரைதான். அது 0.10 மி.மீ.யை எட்டினால் பிஸ்டன் தட்டும் சத்தம், ஆயில் குறைவது, நீலப் புகை என்று ஒவ்வொன்றாக வரும். கைபம்பில் வாஷர் தேய்ந்தால் கைப்பிடி ஆடும், தண்ணீர் வராது அல்லவா? அதே கதைதான்.

வால்வு டேப்பட்டில் ஒரு முடி கனம் குறைந்தால் அதைவிட மோசம். அங்கே விட வேண்டிய இடைவெளியே பல வண்டிகளில் ஒரு முடி கனம்தான். அதை இறுக்கிவிட்டால், சூடானபின் வால்வு தன் இருக்கையில் முழுதாக உட்காராது. அழுத்தம் கசியும். வால்வின் விளிம்பும் கருகும். கிணற்று மோட்டாரில் புட்வால்வு சரியாக மூடாவிட்டால், மோட்டார் எவ்வளவு ஓடினாலும் தண்ணீர் மேலே வராதது போலத்தான். 'டேப்பட் சத்தம் கேட்கிறது' என்று சொன்னதும், சத்தமே வராத அளவுக்கு இறுக்கிக் கொடுப்பது பல இடங்களில் நடக்கிறது. சன்னமான டிக் டிக் சத்தத்தோடு ஓடுகிற டேப்பட்டைவிட, சத்தமே இல்லாமல் இறுகிய டேப்பட்தான் வண்டியைக் கெடுக்கும்.

பணம் செலவழிக்கும் முன் செய்ய வேண்டியவை

1. செலவில்லாதவை முதலில்: இரண்டு டயரிலும் காற்று பார்க்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுழற்ற வேண்டும். உடனே நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது செயின் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது. ஏர் ஃபில்டரில் புழுதி அடைத்திருக்கிறதா, கிளட்ச் வழுக்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். மேட்டில் இன்ஜின் சத்தம் கூடியும் வேகம் கூடாவிட்டால் கிளட்ச்சைச் சந்தேகிக்கலாம்.

2. டேப்பட்: இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது, பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சிக்குக் கொண்டுவந்து, ஃபீலர் கேஜ் வைத்து அளக்க வேண்டும். வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள அளவே சரியான அளவு. காதால் கேட்டு வைப்பது அளவாகாது.

3. கம்ப்ரஷன் சோதனை: இன்ஜினைச் சூடேற்றி நிறுத்திவிட்டு, சாவியை அணைத்து, பிளக்கைக் கழற்றி அந்த இடத்தில் கம்ப்ரஷன் கேஜைப் பொருத்த வேண்டும். ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திருகிப் பிடித்தபடி, முள் ஏறி நிற்கும் வரை பலமுறை கிக் அடிக்க வேண்டும். இந்த வாசகருக்கு ஒரு வசதி இருக்கிறது. அதே நாளில், அதே கேஜை வைத்துத் தம்பி வண்டியையும் அளக்கலாம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, கையேட்டு அளவுக்குள்ளும் இருந்தால், போர் போடும் பேச்சை அத்தோடு விட்டுவிடலாம்.

4. ஒரு ஸ்பூன் ஆயில்: அளவு குறைவாக இருந்தால், பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். முள் நன்றாக ஏறினால் தேய்மானம் ரிங்கிலும் சிலிண்டரிலும் இருக்கிறது. ஏறாவிட்டால் கசிவு வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ இருக்கிறது. அதற்கு வால்வு வேலைதான் செய்ய வேண்டும். போர் போட்டால் பணம்தான் போகும்.

போர் போட்டே ஆக வேண்டும் என்றால்...

தொழிற்சாலை காப்பாற்றிக் கொடுத்த அளவைப் பட்டறையில் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். கம்பெனியில் பிஸ்டனையும் சிலிண்டரையும் அளந்து, ரகம் பிரித்து, பெரியதோடு பெரியதையும் சிறியதோடு சிறியதையும் ஜோடி சேர்க்கும் வழக்கம் உண்டு. பிஸ்டன் தலையிலும் சிலிண்டரிலும் காணப்படும் எழுத்துக் குறிகள் பல வண்டிகளில் அதற்காகத்தான். லேத் பட்டறையிலும் அதே ஒழுங்கு வேண்டும்.

* பிஸ்டனை முதலில் வாங்கி லேத்துக்குக் கொடுக்க வேண்டும். 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று ஓவர்சைஸ் வரும். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல், பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கு ஏற்றபடி சிலிண்டரைக் குடைய வேண்டும்.

* குடைந்தபின் ஹோனிங் கட்டாயம். மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களிலும், ஒவ்வோரிடத்திலும் குறுக்கும் நெடுக்குமாகவும் அளக்கச் சொல்ல வேண்டும். சிலிண்டர் முட்டை வடிவிலோ, கீழே அகன்றோ இருந்தால் புது ரிங்கும் பிடிக்காது.

* ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் வைத்து, அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜில் பார்க்க வேண்டும்.

* இடைவெளியை மிகவும் குறைத்துக் 'கச்சிதமாக' வைப்பதும் தவறு. சூட்டில் அலுமினிய பிஸ்டன், இரும்புச் சிலிண்டரைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். இடமில்லாவிட்டால் மேட்டில் பாரத்தோடு போகும்போது பிடித்துக்கொள்ளும்.

* சிலிண்டரின் உட்சுவரில் தனிப் பூச்சு உள்ள சில புது வண்டிகளுக்குச் சாதாரணமாக போர் போட முடியாது. அவற்றுக்கு பிளாக், பிஸ்டன் செட்டாகத்தான் மாற்ற வேண்டும்.

பிஸ்டன் அளவு, சிலிண்டர் அளவு, விட்ட இடைவெளி மூன்றையும் பில்லில் எழுதித் தரச் சொல்வது நல்லது. அளந்து வேலை செய்பவர் எழுதித் தரத் தயங்க மாட்டார்.

ஹெட்டை சீவலாமா?

வேண்டாம். அதே கணக்கில் அரை மி.மீ. சீவினால் விகிதம் 9-லிருந்து சுமார் 9.7 ஆகும். அதனால் கிடைப்பது நூற்றுக்கு இரண்டு பங்கு லாபம். அதற்குக் கொடுக்கும் விலை அதிகம். பாரத்தோடு மேடு ஏறும்போது இன்ஜின் 'கடகட' என்று தட்டும். ஹெட் கீழே இறங்குவதால் கேம் செயின் தொய்ந்து, வால்வு திறக்கும் நேரம் தள்ளிப்போகும். சில வண்டிகளில் வால்வு பிஸ்டனை இடிக்கும் ஆபத்தும் உண்டு. சூட்டில் வளைந்த ஹெட்டை, தேவையான அளவுக்கு மட்டும் சமன் செய்வது வேறு விஷயம். அது தவறில்லை.

கேள்வி: ''கார்புரேட்டர் திருகைத் திருப்பி ட்யூனிங் செய்தால் இழுவை கூடுமா? புது பி.எஸ்.6 வண்டியில் அந்தத் திருகையே காணோமே?''

– வாசகர், பென்னாகரம்.

பதில்: அந்தச் சிறு திருகு, வண்டி ஐடிலில் நிற்கும்போதும் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சமாகத் திருகும்போதும் போகும் கலவையைத்தான் மாற்றும். ஒகேனக்கல் சாலை ஏற்றத்தில் முழு ஆக்ஸிலேட்டரில் ஏறும்போது அதற்குப் பெரிய வேலை இல்லை. கம்ப்ரஷன், டேப்பட், ஏர் ஃபில்டர், பிளக் நான்கும் சரியான பிறகு கடைசியாகத் தொட வேண்டியது அது.

2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ்.6 பைக்குகளில் பெரும்பாலும் பெட்ரோலைக் கம்ப்யூட்டர்தான் அளந்து விடுகிறது. புகைக்குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதை வைத்து, இன்ஜினுக்கு இன்ஜின் உள்ள சிறு வித்தியாசத்தை அதுவே ஈடுகட்டிக்கொள்ளும். ஆனால், கசியும் வால்வையும் தேய்ந்த ரிங்கையும் அதனால் சரிசெய்ய முடியாது. புது வண்டிக்கும் டேப்பட் பார்க்கத்தான் வேண்டும்.

கேள்வி: ''போர் போட்ட வண்டியில் எப்போதிலிருந்து பாரம் ஏற்றலாம்?''

– வாசகர், அரூர்.

பதில்: புது ரிங்கும் ஹோனிங் செய்த சுவரும் ஒன்றோடொன்று தேய்ந்து பழக வேண்டும். முதல் 500 கி.மீ. வரை அதிக பாரம், நீண்ட ஏற்றம், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டுவது மூன்றையும் தவிர்க்க வேண்டும். வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுவது நல்லது. 500 கி.மீ. ஆனதும் ஆயிலை மாற்றி, டேப்பட்டை மறுபடி அளக்க வேண்டும். தக்காளி, மாங்காய் அறுவடை நேரத்தில் இந்த வேலையை வைத்துக்கொண்டால் பழக விடாமல் பாரம் ஏற்றத் தோன்றும். வண்டிக்கு வேலை குறைவாக இருக்கும் மாதத்தில் செய்துகொள்வதே நல்லது.