குவாங்சோவில் சுவருக்கும் வியர்க்கும்



சீனாவின் குவாங்சோவில் படிக்கும் நம் பிள்ளை ஒருத்தி "சமாளிக்க முடியல சார்" என்கிறாள். "சென்னை வெயிலில் வளர்ந்தவளுக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா?" என்கிறார்களாம் வீட்டில். அந்தக் கேள்வியே சரியில்லை.

அங்கே மார்ச், ஏப்ரலில் தென்சீனக் கடலின் ஈரக்காற்று, குளிர்காலத்தில் சில்லிட்டுப்போன சுவரிலும் தரையிலும் பட்டு நீராய் வழியும். 'ஹுய்நான்தியன்' என்பார்கள். துணி காயாது, செருப்பில்கூடப் பூஞ்சை. நம்மூர்ப் பழக்கத்தில் ஜன்னலைத் திறந்தால் ஈரம் இன்னும் கூடும்! உள்ளூர்க்காரர்கள் சாத்தி வைக்கிறார்கள். 'லியாங்சா' என்ற கசப்பு மூலிகைநீர் குடிக்கிறார்கள் (நம் நிலவேம்புக் கசாயத்துக்குப் பங்காளி). அவர்களைக் கேட்டு அவள் நடக்கட்டும்.

பெற்றோரே, முதலில் அவள் சொல்வதை நம்புங்கள். ஈரம் உறிஞ்சும் மெஷின் வாங்கப் பணம் அனுப்புங்கள். மே பிறந்தால் வெக்கையும் மழையும் சேர்ந்து வரும்.