எதற்காகக் கடல் கடப்பது?

"தமிழ் படித்துப் பிழைப்பது எங்ஙனம்?" என்னும் வினாவைத் தமிழ்ச் சிறப்பு வகுப்பினராகிய நாம் விடுமுறைதோறும் கேட்டு வருகின்றோம். கேட்போர் நம் நலம் நாடும் பெரியோரே. பலர் சென்ற வழியே செல்வோன் இடர்ப்படான். புதுவழி புகுவோன் பின்னர் வருந்துவான் என்பது அவர் துணிபு. அஃது எத்துணை மெய் என்பதைக் காரைக்குடிப் பக்கத்து வரலாறு ஒன்றைக்கொண்டு ஆராய்வோம்.

செட்டிநாட்டில் கடல் கடத்தல் ஒரு காலத்தே துணிகரச் செயலன்று, குல வழக்கம். நகரத்தார் இல்லத்து இளைஞர் பெட்டியடிப் பையன்களாகப் பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளுக்குச் சென்று, அடுத்தாள், மேலாள் எனப் படிப்படியே உயர்ந்தனர். பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை முடித்து ஊர் திரும்பினர். அவர்தம் உழைப்பே மாளிகைகளாகவும் கோயில் திருப்பணிகளாகவும் கல்விச்சாலைகளாகவும் இன்றும் நிற்கின்றது. அதனை இகழ்தல் நம் நோக்கமன்று.

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் 1911ஆம் ஆண்டு பிறந்த ஏ.கே. செட்டியாரும் கடல் கடந்தார். பர்மாவிற்கும் போனார், ஆயின் வட்டிக்கடைக்கு அன்று, 'தனவணிகன்' என்னும் பத்திரிகையை நடத்துதற்கு. பின்னர் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றார். 1937இல் கப்பற் பயணத்தினிடையே, காந்தியடிகளின் வாழ்க்கையைத் திரைப்படமாக்கும் எண்ணம் அவர் உள்ளத்தில் உதித்தது. அப்பொழுது அவருக்கு வயது முப்பதுகூட நிரம்பவில்லை. ஏறக்குறைய 1,00,000 மைல் சுற்றி, பல நாடுகளில் சிதறிக் கிடந்த படச்சுருள்களை 50,000 அடி அளவிற்குத் திரட்டி, 12,000 அடிப் படமாகத் தொகுத்து, 1940இல் வெளியிட்டார். கணக்கிட்டுப் பார்ப்பின் இதற்கும் ஏறத்தாழ மூன்றாண்டே சென்றது. தவணைக் காலம் ஒன்றே. கொண்டுவந்த முதல்தான் வேறு.

"அவருக்குத் துணை நின்றோர் இருந்தனர், நமக்கு யார் உளர்?" என நண்பர் சிலர் வினவலாம். தக்க வினாவே. வறிய குடும்பத்துத் தலைமகன் ஊதியத்தை நாடுதல் கோழைமையாகாது, கடமையேயாம். ஆயினும் செட்டியார்பால் நாம் கற்கத்தக்கது மைல் கணக்கன்று. பெருஞ்செயலில் இறங்குமுன் அதற்குரிய தொழிலை முறையாகக் கற்றார் என்பதே. ஆயத்தமில்லாத் துணிவு வெறும் அலைச்சல்.

இனி, பழைய வழி இடரற்றது என்னும் கூற்றை நோக்குவோம். 1942இல் போர் பர்மாவைச் சூழ்ந்தபோது, தலைமுறை தலைமுறையாக ஊன்றிய வாணிகமே நிலைகுலைந்தது. நிலங்களையும் கடைகளையும் விட்டு எத்தனையோ பேர் வெறுங்கையராய் மீண்டனர். அஃது அவர் பிழையன்று. இடர் எவ்வழியிலும் உண்டு என்பதற்கு அது சான்று.

செட்டியாரும் இழப்புக்கு விலக்கானவரல்லர். அரிதின் முயன்று ஆக்கிய அத்தமிழ்ப் படத்தின் முழுப் பிரதி பிற்காலத்தில் கிடைக்காது போயிற்று. எனினும் அவர் செயல் ஓயவில்லை. 1943இல் தொடங்கிய 'குமரி மலர்' என்னும் இதழைப் பல்லாண்டு நடத்தினார், 1983இல் மறைந்தார்.

எனவே, வருத்தமின்மை என்பது இழப்பின்மையன்று. தாமே தேர்ந்த செயலுக்குத் தம் உழைப்பை முழுதும் ஈந்தோர், பயன் கைநழுவினும் "செய்யாது விட்டோமே" என்று இரங்கார். வரும் விடுமுறையில் பெரியோர் மீண்டும் வினவுவர். "பிழைப்பு யாதாயினும் உழைத்துத் தேடுவோம், தமிழை அதற்காக விடோம்" எனப் பணிவுடன் விடை கூறுவோம். அவ்விடையை மெய்ப்பிக்கும் பொறுப்பும் நம்முடையதே.