மாடி ஏறும் மின்வடம்

கிணற்றுக் கயிற்றுக்கு வாளிதான் பாரம் என்று நினைக்கிறோம். கயிறு நீள நீள அதன் பாரமும் கூடுமன்றோ? இன்று கொழும்பிலே வானளாவி நிற்கும் தொடர்மாடிகளின் உள்ளேயும், கிணறு போன்றதோர் ஒடுங்கிய வழியிலே இத்தகைய கயிறுகள் தொங்குகின்றன. அவைதாம் மின்வடங்கள்.

மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். 100 சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுள்ள செப்புக் கம்பி, மீற்றர் ஒன்றுக்கு ஏறக்குறைய 900 கிராம் நிறையுடையது. 100 மீற்றர் உயரத்துக்கு 90 கிலோகிராம். மூன்று அவத்தைக் கம்பிகளும் நொதுமற் கம்பியும் அதே பருமனாயின் 360 கிலோகிராம். மேலுறையின் நிறை வேறு.

இவ்வளவு பாரத்தையும் உச்சியிலுள்ள முடுக்காணிகளிலே தொங்கவிட்டால் என்னாகும்? கம்பி நாளடைவில் உறைக்குள்ளே மெல்லக் கீழிறங்கும். மேல் இணைப்புத் தளரும். தளர்ந்த இணைப்புச் சூடேறும். அடியிலே வளைவில் காவலி நசுங்கும். ஆதலின் வடத்தை உச்சியிலும் இடையிடையேயும் தாங்கவேண்டும். நிலைக்குத்தான குழாயிற் செல்லும் மிகத் தடித்த செப்புக் கம்பிக்கு 35 அடிக்குள் ஒரு தாங்கி வேண்டும் என்கிறது அமெரிக்க தேசிய மின் விதிக்கோவை. அலுமினியமாயின் 85 அடி வரை விடலாம். பாரம் குறைவு என்பதே காரணம்.

இறுக்கிப் பிடித்தால் மட்டும் போதாது. மின் ஓடும்போது கம்பி சூடேறி நீளும். 100 மீற்றர்ச் செப்புக் கம்பியின் வெப்பநிலை 40 பாகை உயர்ந்தால் ஏழு சென்ரிமீற்றர் வரை, அதாவது நான்கு விரற்கிடை அளவு, நீளும். அதற்கு இடங்கொடுக்கவே, தடித்த வடங்களைச் சில இடங்களில் பாம்புபோல் சற்றே நெளியவிட்டுக் கவ்விகளிற் பூட்டுவார்கள். நேராக நின்றால்தான் அழகு என்பார் அங்கே வேலை பாராதிருப்பதே நல்லது!

கவ்விகளைப் பின்னர் பார்வையிடவும் முறுக்கவும் கை எட்டவேண்டும். அதற்காகத்தான் மாடிதோறும் நடைவழியிலே ஒரு சிறு கதவு. ஆனால் பல கட்டடங்களில் அக்கதவின் பின்னே தும்புத்தடியும் பழைய கடதாசிப் பெட்டியும் குடியிருக்கின்றன! சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டுவார்.

வடம் ஏறும் துளை, தீயும் ஏறும் துளையாகும். 1975 பெப்ரவரி 13ஆந் திகதி இரவு நியூயோர்க் உலக வர்த்தக மையத்தின் வட கோபுரத்திலே 11ஆம் மாடியில் தீப்பற்றியது. தொலைபேசி வடங்களுக்காகத் தளங்களிலே வெட்டிய துளைகள் அடைக்கப்படாதிருந்தன. அவற்றினூடே தீ மாடி மாடியாகப் பரவிற்று. அலுவலக நேரமன்று, உயிர்ச்சேதம் இல்லை. 2001இல் அழிந்த கோபுரங்களுள் அதுவும் ஒன்று.

குடும்பங்கள் உறங்கும் தொடர்மாடியிலே அப்படி நேர்ந்தால்? கட்டடம் கட்டும்போது துளைகளைத் தீ தாங்கும் சாந்தினால் அடைத்துவிடுவதுண்டு. பின்னர் தொலைக்காட்சிக்கும் இணையத்துக்கும் புது வடம் இழுக்க வருபவர் அதைக் குடைந்துவிட்டுத் தம் வழியே போய்விடுவார். அடுத்த முறை அவர் வரும்போது, வேலை முடிந்தபின் அக்கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கீழ் மாடியின் வெளிச்சம் துளை வழியே தெரிந்தால், அதை மீண்டும் அடைக்கும்வரை கூலியைக் கையில் வைத்திருங்கள்.