அடுப்பு எரியாத பக்கம்



மேல்விஷாரத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் பத்து நாளாக என் மேசைமேல் இருக்கிறது. துபாயில் இருக்கும் மகன் கார்கோவில் ஒரு கேஸ் கிரில் அனுப்பியிருந்தாராம். பக்ரீத்துக்கு அவரும் ஊருக்கு வந்தார். அன்று காலையில் அறுத்த ஆட்டின் விலாவை முழுசாக எடுத்து, மசாலா தடவி, மதியமே மொட்டை மாடியில் வைத்துச் சுட்டிருக்கிறார்கள். அரை மணிக்குள் மேலெல்லாம் கறுத்துவிட்டது. கடித்தால் ரப்பராக இழுத்ததாம். "பேரப்பிள்ளைங்க ஆசையா உக்காந்திருந்தாங்க. கறி தோல் மாதிரி ஆயிடுச்சு. என்ன தப்பு செஞ்சோம்னு தெரிஞ்சா எழுதுங்க" என்று முடித்திருக்கிறார்.

வேறு ஊராக இருந்தால் 'தோல் மாதிரி' என்பதை வெறும் பேச்சு வழக்காக எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, விஷாரம் என்று தோலை நம்பியே அடுப்பு எரிகிற இந்தப் பக்கத்தில் அப்படிப் போக முடியாது. அந்தச் சகோதரி அறியாமலே சரியான விடையைக் கேள்விக்குள் வைத்துவிட்டார்.

என் அப்பா ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் முப்பது வருடம் வேலை செய்தவர். க்ரோம் போட்ட தோல் பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க அவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. ஓரத்தில் ஒரு சின்னத் துண்டை வெட்டி, தளதளவென்று கொதிக்கிற தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் போடுவார்கள். வெட்டின அளவிலேயே வெளியே வந்தால் பதம் சரி. சுருண்டால் மறுபடி டிரம்முக்குப் போகும். பதப்படுத்தாத பச்சைத் தோல் 65 டிகிரியைத் தாண்டுவதற்குள்ளேயே சுருங்கிவிடும். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிய பழைய முறைத் தோல் 80 டிகிரி வாக்கில் தாங்கும். க்ரோம் தோல் கொதிநீரையே தாங்கும்.

அந்தத் தோலிலும், விலாவில் கறியை எலும்போடு கட்டிப்போட்டிருக்கும் சவ்விலும் இருப்பது ஒரே புரதம்: கொலாஜன். மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிய முப்புரிக் கயிறு அது. இந்த உருவத்தைக் கண்டு சொன்னது நம் சென்னைதான். 1952-ல் அயர்லாந்தில் பிறந்த விஞ்ஞானி பெர்னால் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது, கொலாஜனின் கட்டமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். அங்கே இயற்பியல் பேராசிரியராக இருந்த ஜி. என். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். ஆராய்ச்சிக்குச் சுத்தமான கொலாஜன் வேண்டுமே! 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே அடையாறில் இருந்தது. அங்கிருந்து அவருக்குக் கங்காருவின் வால் தசைநார் கிடைத்தது. அதை எக்ஸ்ரேயில் படமெடுத்து, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-ல் முப்புரிக் கட்டமைப்பை வெளியிட்டார். தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அரங்கத்துக்கு இன்றைக்கும் அந்த முப்புரியின் பெயர்தான். நம் ஊர்த் தோல் தொழிலுக்காக எழுந்த ஒரு நிலையம் உலக அறிவியலுக்குக் கை கொடுத்த கதை இது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை.

இனி விலாவுக்கு வருவோம். கறி 65 டிகிரியை நெருங்கும்போது இந்தக் கயிறுகள் சுருங்கி, நனைந்த துணியைப் பிழிவதுபோல் கறியிலுள்ள நீரைப் பிழிந்துவிடும். அந்த நேரத்தில் எடுத்துக் கடித்தால் ரப்பர்தான். பெரிய தீயில் அரை மணி வைத்தால் மேல் பக்கம் கருகும்போது உள்ளே இந்தக் கட்டத்தில்தான் நிற்கும். அங்கேயே விடாமல், கறியின் உள்சூட்டை 80-லிருந்து 95 டிகிரிக்குள் மணிக்கணக்கில் வைத்திருந்தால் புரிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து ஜெலட்டினாகக் கரையும். ஆட்டுக்கால் பாயா குடித்தபின் விரல்கள் ஒட்டிக்கொள்கிறதே, அதே பசை. தோல் ஷாப்புக்காரர் அந்த முப்புரியை அவிழவே முடியாமல் பூட்டுகிறார். சமைப்பவர் பொறுமையாக அவிழ்க்கிறார். பக்ரீத் அன்று ஒரே ஆட்டின் தோல் மதரசாவுக்குப் போய் அங்கிருந்து ஷாப்புக்கும், விலா மாடிக்கும் போகிறது. இரண்டு இடத்திலும் நடப்பது ஒரே பொருளோடு இரண்டு வேலை.

சகோதரிக்கு முதல் யோசனை: அறுத்த அன்றே விலாவைத் தொட வேண்டாம். அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைத்துக்கொள்ளும். ஃப்ரிட்ஜில் ஓர் இரவு கிடந்தால் தளரும். பண்டிகை நாளுக்கு ஈரலும் குழம்பும் இருக்கவே இருக்கின்றன, விலா மறுநாளுக்குப் போகட்டும்.

கடையில் வாங்குகிறவர்கள் கறிக்கடை பாயிடம், துண்டு போடாமல் விலாவை ஒரே பத்தியாகக் கேளுங்கள். எலும்புப் பக்கத்தில் பிளாஸ்டிக் தாள் போல ஒரு சவ்வு ஒட்டியிருக்கும். ஸ்பூன் காம்பால் ஓர் ஓரத்தில் நெம்பி, துணியால் பிடித்து இழுத்தால் உரிந்து வரும். அதை விட்டுவிட்டால் அந்தப் பக்கத்தில் உப்பும் புகையும் சரியாக இறங்காது. மசாலா நம் பிரியாணிக் கணக்குதான்: பத்து காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது, இஞ்சி பூண்டு, கொஞ்சம் தயிர், உப்பு. பப்பாளிக்காய் விழுது தடவுவது பலர் வழக்கம். இந்த முறைக்கு அது வேண்டாம் என்பேன். மேல்கறியைக் குழைத்துவிடும், உள்ளிருக்கும் முப்புரியைத் தொடாது.

கிரில்லில் இரண்டு மூன்று பர்னர் இருக்கும். ஒரு ஓரத்துப் பர்னரை மட்டும் ஏற்றுங்கள். விலா எதிர் ஓரத்தில், அடுப்பு எரியாத பக்கத்தில், எலும்பு கீழே இருக்கும்படி கிடக்கட்டும். மூடியைச் சாத்துங்கள். மூடியிலுள்ள மீட்டர் 120-க்கும் 135 டிகிரி செல்சியஸுக்கும் நடுவில் நிற்க வேண்டும். அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு பார்பெக்யூ செய்கிறவர்கள் சொல்லும் சூட்சுமமெல்லாம் இந்த எரியாத பக்கம்தான். பன்றி விலாவுக்கு அவர்கள் மூன்று மணி நேரம் புகையில், இரண்டு மணி நேரம் தாளில் சுற்றி, ஒரு மணி நேரம் மறுபடி திறந்து என்று ஆறு மணி நேரம் கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் வெள்ளாட்டு விலா மெலிசு, கொழுப்பும் குறைவு. ஒன்றரை மணி திறந்தபடி, முக்கால் மணி அலுமினியத் தாளில் சுற்றி, கடைசிக் கால் மணி பிரித்து வைத்தால் போதும். புளிக்கரைசலும் வெல்லமும் மிளகாயும் சேர்த்துக் காய்ச்சிய பாகை அந்தக் கடைசிக் கால் மணியில் மட்டும் பூசுங்கள். இனிப்பை முதலிலேயே பூசினால் கருகிக் கசக்கும், மேல்விஷாரத்தில் கறுத்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். இடுக்கியால் பத்தியின் ஒரு முனையைத் தூக்கும்போது வில்லாக வளைந்து நடுவில் லேசாக வெடித்தால் பதம். எலும்பு நுனியிலிருந்து கறி அரை அங்குலம் பின்வாங்கியிருக்கும்.

கேஸில் புகை வராதே என்பீர்கள். அதற்கும் வழி உண்டு: ஆற்காடு டெல்லி கேட்டுக்குக் கீழே பாலாற்றுப் படுகையில் இறங்கினால் கண்ணுக்கெட்டிய தூரம் வேலிகாத்தான். டெக்ஸாஸ்காரர்கள் விரும்பி எரிக்கும் மெஸ்கீட் மரம் அதற்கு ஒன்றுவிட்ட உறவு, ஒரே பேரினம். நன்றாகக் காய்ந்த கட்டையில் ஒரு கைப்பிடிச் சிராயை அலுமினியத் தாளில் பொட்டலம் கட்டி, நாலு ஓட்டை போட்டு, எரிகிற பர்னர்மேல் வையுங்கள். அதற்கு மேல் வேண்டாம், அந்தப் புகைக்குக் காரம் அதிகம். தோல் கழிவு தேங்கிக் கிடந்த இடத்து மரத்தையும் தொடாதீர்கள். பாலாற்றுக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் போராடி 1996-ல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கிய ஊர் நாம். அந்த மண் எதையெல்லாம் குடித்தது என்பது நமக்குத் தெரியும்.

கேஸ் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். வெளிநாட்டு அடுப்பின் ரெகுலேட்டரும் ட்யூபும் நம் வீட்டு 14.2 கிலோ சிலிண்டரோடு பொருந்தாமல் போகலாம். ஏஜென்சி மெக்கானிக்கிடம் காட்டாமல் மாட்டாதீர்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால் திறந்த மாடியில்தான் வைக்க வேண்டும். மழை என்று அறைக்குள் இழுத்து வந்து கதவைச் சாத்துவது உயிருக்கே ஆபத்து.

கிரில் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். அடி கனத்த தேக்சா, அதற்குக் கீழே ஒரு தோசைக்கல், கல்லுக்குக் கீழே சிம்மில் எரியும் அடுப்பு, மூடிமேல் நாலு கங்கு: நம் பாட்டிமார் 'தம்' போட்டதே இப்படித்தானே! நேர்த்தீயைக் கறிக்குக் காட்டாமல் சூட்டை மட்டும் காட்டுகிற வித்தை ஆம்பூரிலும் ஆற்காட்டிலும் தெருவுக்குத் தெரு இருக்கிறது. இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்து, ஒரு கரித்துண்டைப் பழுக்கக் காய்ச்சிச் சின்னக் கிண்ணத்தில் வைத்து, தேக்சாவுக்குள் இறக்கி, ஒரு சொட்டு நெய் விட்டு ஐந்து நிமிடம் மூடினால் புகை வாசமும் ஏறிவிடும்.

இதையெல்லாம் செய்து பார்க்காமல் உங்களுக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டு மாடியில், அவர்களுடைய கிரில்லில், ஒரு முழு விலா வைத்தோம். நாலு மணிக்கு ஏற்றியது ஆறரைக்கு இறங்கியது. அப்பாவுக்கு எண்பது நெருங்குகிறது, பல் சரியில்லை, சில வருடமாகக் கறியென்றால் குழம்பு மட்டும்தான். ஒரு துண்டை எடுத்து எலும்பைப் பிடித்து மெதுவாக இழுத்தார். எலும்பு மட்டும் கையோடு வந்தது. அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஷாப்பில் வெட்டின துண்டைப் பார்ப்பதுபோல.

"முழுசாக் கரைஞ்சிருக்குப்பா" என்றார். பிறகு இன்னொரு துண்டு கேட்டார்.

அன்புடன்,
ஆசிரியர்