பேய் வீடு என்று சொல்லாதீர்கள்



பேய்ப்படத்தோடு நமக்குச் சண்டையில்லை. 'யார்', 'மை டியர் லிசா' எல்லாம் போர்வைக்குள் ஒளிந்து பார்த்தவர்கள்தான் நாமும்.

ஆனால் நம்மூரில் கூரை விழுந்து, உள்ளே மரம் முளைத்த வீடுகளைப் 'பேய் வீடு' என்று பிள்ளைகள் வீடியோ எடுக்கிறார்கள். பெரியவர்களும் சிரித்துக்கொண்டு பகிர்கிறோம். இதுதான் பயமாயிருக்கிறது.

'13ம் நம்பர் வீடு' படம் வந்தது 1990இல். அதே வருசம் ஒக்டோபரில் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். படத்தில் மிரட்டியது பேய். எங்களைத் துரத்தியது துவக்கு. இறுதிப்போரில் தமிழ்ச் சனத்தின் வீடுகளும் பாழாகின.

அந்தச் சுவருக்குள் பேயில்லை. ஓர் உம்மாவோ அம்மாவோ சோறாக்கிய அடுப்படி இருக்கிறது. அது யாருடைய வீடு, ஏன் போனார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வாப்பாமாரே, அப்பாமாரே, சொல்ல வெட்கமாயிருந்தால் வீடியோவையாவது பகிராதீர்கள்.